என்.என்.: பெயர் அறியாதவரின் பெயர்

அர்ஜென்டினாவில் புவெனஸ் ஐரிஸ் மாகாணத்து இடுகாடுகளில் ஒவ்வொரு புதைப்புக்கும் பதிவு உண்டு. தேதி, குழி எண், வயது, ஆணா பெண்ணா, இறப்புக்குக் காரணம், பெயர். 1976, 1977 ஆண்டுகளின் பக்கங்களில் அந்தப் பெயர்க் கட்டத்தில் இரண்டே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன: என்.என். அந்த ஊர்க்காரர்கள் ‘எனே எனே’ என்று வாசிக்கிறார்கள். விரித்துச் சொன்னால் ‘நிங்கூன் நோம்ப்ரே’. பெயர் எதுவும் இல்லை என்று பொருள்.

பெயர் தெரியவில்லை என்பது வேறு, பெயர் இல்லை என்பது வேறு. முன்னது எழுதுகிறவரின் நிலை. பின்னது இறந்தவர்மேல் ஏற்றப்படும் குணம். இந்த இரண்டெழுத்து எங்கிருந்து புறப்பட்டு எங்கெல்லாம் போனது என்று பார்த்தால், அறியாமை ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறிய கதை கிடைக்கிறது. மனித உரிமைக் களப்பணியில் தகவல் திரட்டுவோர் இன்றும் தங்கள் படிவங்களில் இதே சிக்கலோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

மூலம் லத்தீன். ‘நோமென் நெஸ்கியோ’ என்றால் ‘பெயர் அறியேன்’. ‘நெஸ்கியோ’ தன்மை ஒருமை வினை. பதிவேட்டின்முன் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று தன் பொறுப்பில் எழுதி வைக்கும் வாக்குமூலம் அது. ரோமானியச் சட்ட நூல்களில் மாதிரி வழக்குகளுக்கென்று கற்பனைப் பெயர்கள் இருந்தன. வாதி அவுலுஸ் அகேரியுஸ், பிரதிவாதி நுமேரியுஸ் நெகிதியுஸ். வழக்காடுவதைக் குறிக்கும் வினையிலிருந்து முதல் பெயரும், மறுப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து இரண்டாவதும் புனையப்பட்டவை. இந்த நெகிதியுஸின் முதலெழுத்துகளும் என்.என். என்பதால் சுருக்கம் அங்கிருந்தே வந்தது என்பாரும் உண்டு. கிறித்தவ வழிபாட்டு நூல்களில் ஞானஸ்நானம் பெறுபவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘என்’ என்ற எழுத்து நிற்கும். ஜெர்மனியப் பல்கலைக்கழகங்களின் பாட அட்டவணைகளில், ஆசிரியர் இன்னும் முடிவாகாத வகுப்புக்கு எதிரே இன்றும் என்.என். போடுகிறார்கள். பழைய சதுரங்க ஆட்டக் குறிப்புகளில் தோற்ற ஆட்டக்காரர் யாரென்று தெரியாவிட்டால் அவர் என்.என்.

நம் மொழியில் இதற்கு நேரான சொல் ‘இன்னார்’. இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் என்று மாதிரிப் பத்திரம் எழுதிக் காட்டுவார்கள். அந்த இடத்துக்கு ஓர் உண்மைப் பெயர் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. லத்தீன் சுருக்கமும் நெடுங்காலம் அப்படித்தான் வாழ்ந்தது.

1941 டிசம்பர் 7 அன்று அது வேறு பொருளை ஏற்றது. ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த மேற்கு ஐரோப்பிய நாடுகளில் எதிர்ப்பாளர்களைப் பிடித்துச் சென்று, குடும்பத்துக்கு ஒரு சேதியும் தராமல் மறைத்துவிட வேண்டும் என்று ஹிட்லரின் உத்தரவுப்படி ஃபீல்டு மார்ஷல் வில்ஹெல்ம் கைட்டல் ஆணை பிறப்பித்தார். அதற்கு ‘நாஹ்ட் உண்ட் நேபெல்’ என்று பெயர் நிலைத்தது. இரவும் மூடுபனியும். வாக்னரின் இசைநாடகம் ஒன்றில் மாயத் தலைக்கவசம் அணிந்து மறைபவன் சொல்லும் மந்திரத்திலிருந்து எடுத்த தொடர் அது. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, நார்வே நாட்டுக் கைதிகளின் உடைகளில் என்.என். என்று தீட்டினார்கள். கடிதம் எழுதக் கூடாது, கடிதம் பெறக் கூடாது. செத்தாலும் வீட்டுக்குச் சொல்வதில்லை. ஒருவர் கதி என்ன ஆயிற்று என்று உறவினருக்கும் ஊருக்கும் தெரியாமல் இருப்பதே மரண தண்டனைக்கு நிகரான மிரட்டல் என்று கைட்டல் தன் விளக்கக் கடிதத்தில் எழுதினார். நூரெம்பர்க் நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தபோது இந்த ஆணையும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாக இருந்தது.

முதலில் அலுவலகங்களில் புழங்கிய ‘பெயர் அறியேன்’ என்ற சுருக்கத்துக்குத்தான் பிறகு ‘இரவும் மூடுபனியும்’ என்ற விரிவு ஏற்றப்பட்டது என்று ஒரு கருத்து உண்டு. எது முந்தியதானாலும், பிடித்துச் சென்றவர்களுக்கு அந்தக் கைதியின் பெயர் தெரியும், ஊர் தெரியும், தாய் தகப்பன் தெரியும். அறியேன் என்று சொன்ன எழுத்து, அறிந்தும் சொல்லமாட்டேன் என்று சொல்லத் தொடங்கிய இடம் இதுதான்.

1976 மார்ச் 24 அன்று அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாணவர்கள், தொழிற்சங்கத்தார், ஆசிரியர்கள் எனப் பலரைப் பட்டப்பகலிலும் நள்ளிரவிலும் அள்ளிச் சென்றார்கள். நாடெங்கும் 340 அளவிலான ரகசியத் தடுப்பு முகாம்கள் இயங்கியதாகப் பிற்பாடு விசாரணைக் குழு கண்டது. கொல்லப்பட்டவர்களில் ஒரு பகுதியினரின் உடல்களைத் தெருவோரம் போட்டுவிட்டு, மோதலில் இறந்தவர்கள் என்றார்கள். ‘என்கவுன்டர்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

ரகசியம் அந்தத் தெருவோரத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் எப்போதும் நடக்கும் அரசு வேலை தொடங்கியது. உள்ளூர்க் காவல் நிலையம் உடலை எடுத்தது. காவல்துறை மருத்துவர் பார்த்துச் சான்றிதழ் எழுதினார். பல உடல்களுக்குக் கைரேகையும் எடுத்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவகத்தில் ஏறியது. இடுகாட்டு எழுத்தர் குழி எண் போட்டார். பெயர் என்ற கட்டம் வந்தபோது எல்லாரும் என்.என். என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த எழுத்தர்கள் வெறும் பழக்கத்தால் நிரப்பிய மற்றக் கட்டங்கள்தான் பின்னால் சாட்சி சொல்லின.

1983 டிசம்பரில் மக்களாட்சி திரும்பியது. எழுத்தாளர் எர்னெஸ்டோ சபாட்டோ தலைமையில் அமைந்த தேசிய ஆணையம் 1984 செப்டம்பரில் அறிக்கை தந்தது. சாட்சியத்தோடு அது பட்டியலிட்ட பெயர்கள் 8,960. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் தொகை 30,000. இதற்கிடையே நீதிபதிகளின் உத்தரவுப்படி என்.என். குழிகளை மண்வாரி எந்திரம் வைத்துத் தோண்டினார்கள். எலும்புகள் உடைந்தன, ஒருவருடையது இன்னொருவருடையதோடு கலந்தது. உதவி கேட்டு அழைக்கப்பட்டு 1984 ஜூனில் வந்தவர் அமெரிக்கத் தடய மானிடவியலாளர் கிளைட் ஸ்னோ. மானிடவியல், தொல்லியல், மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் சிலர் அவரோடு சேர்ந்தார்கள். தூரிகையும் சிறு கரண்டியும் கொண்டு குழியைப் படிக்கக் கற்றார்கள். அர்ஜென்டினத் தடய மானிடவியல் குழு பிறந்தது அப்படித்தான்.

ஸ்னோ செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிட வியப்பைத் தருகிறது. மரியா ஹூலியா பிஹுரியெத் என்பவரோடு சேர்ந்து, புவெனஸ் ஐரிஸ் மாகாண இடுகாடுகளில் 1970 முதல் 1984 வரை நடந்த என்.என். புதைப்புகளின் பதிவுகளைத் திரட்டினார். ஒரு குழியையும் தோண்டாமல் செய்யக்கூடிய ஆய்வு. ராணுவ ஆட்சிக்கு முன்னும் என்.என். உண்டு. வீடின்றித் திரிந்து, நோயாலோ குளிராலோ இறந்த வயதான ஆண்கள் பெரும்பாலும். எந்தப் பெருநகரத்திலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் தொகை அது. 1976க்குப் பிறகு தொகை செங்குத்தாக ஏறுகிறது. வயது இறங்குகிறது. பெண்கள் கூடுகிறார்கள். காரணக் கட்டத்தில் துப்பாக்கிக் குண்டு வந்து உட்காருகிறது. ஒரு காய்ச்சல் ஊரில் பரவுவதை எப்படிக் கணக்கிடுவார்களோ அந்த முறையில் கொலையைக் கணக்கிட்டார்கள். பெயரை அழித்தவர்களுக்கு வயதையும் தேதியையும் அழிக்கத் தோன்றவில்லை.

இது ஒரு பட்டியல். இன்னொரு பட்டியல் வீடுகளில் இருந்தது. 1977 ஏப்ரல் 30 அன்று தலைநகரின் மே சதுக்கத்தில் சில தாய்மார்கள் கூடினார்கள். பிள்ளைகளின் பெயரும் கொண்டுபோன நாளும் எழுதிய தாள்கள் அவர்கள் கையில் இருந்தன. அவர்களிடம் பெயர் இருந்தது, உடல் இல்லை. இடுகாட்டில் உடல் இருந்தது, பெயர் இல்லை. அவர்கள் பட்டியலில் இருந்தவர்களுக்கு ‘தெசாபரெசிதோ’ என்று பெயர். காணாமற்போனவர். ஒரே ஆள் ஒரு பட்டியலில் என்.என்., இன்னொன்றில் தெசாபரெசிதோ. இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவர்தான் அவர் என்று நிறுவுவதே களப்பணியில் தகவல் மேலாண்மை என்று நாம் சொல்லும் வேலையின் உயிர்.

அந்தத் தாய்மார்களின் அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அசுசேனா வில்யஃப்ளோர். 1977 டிசம்பர் 10 அன்று அவரையே கடத்தினார்கள். பிரெஞ்சுக் கன்னியர் இருவரும் வேறு தாய்மார்களும் அதே நாட்களில் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த மாதக் கடைசியில் அட்லாண்டிக் கரையில் உடல்கள் ஒதுங்கின. ஜெனரல் லவாயே இடுகாட்டில் என்.என். ஆகப் புதைத்தார்கள். உயரத்திலிருந்து விழுந்து கடினமான பொருளில் மோதியதால் மரணம் என்று உள்ளூர் மருத்துவச் சான்று சொன்னது. விமானத்திலிருந்து உயிரோடு கடலில் தள்ளினார்கள் என்ற உண்மை பதிவேட்டில் ஒரு வரியாக இருபத்தேழு ஆண்டுகள் கிடந்தது. தடய மானிடவியல் குழு கரையொதுங்கிய தேதி, புதைத்த இடம், எலும்பு முறிவுகள், டி.என்.ஏ. எல்லாவற்றையும் சேர்த்து 2005இல் அவரை அடையாளம் கண்டது. அவருடைய அஸ்தி மே சதுக்கத்தில் புதைக்கப்பட்டது.

இந்தச் சுருக்கம் எல்லா நாட்டிலும் ஒரே வடிவில் இல்லை. குவாதமாலாவில் என்.என். கிடையாது, ‘எக்ஸ் எக்ஸ்’. தலைநகரின் லா வெர்பெனா இடுகாட்டில் அப்படிக் குறிக்கப்பட்டுக் குவிந்தவர்கள் ஏராளம். அரசியல் பொருளில் தெசாபரெசிதோ என்ற சொல் 1960களில் பரவத் தொடங்கியதும் அந்த நாட்டில்தான். 2005இல் அங்கே ஒரு பழைய காவல்துறை வளாகத்தில் தேசியக் காவல்துறையின் ஆவணக் கிடங்கு தற்செயலாகக் கிடைத்தது. ஏறத்தாழ 8 கோடிப் பக்கங்கள், ஈரத்திலும் எலிப் புழுக்கையிலும். எக்ஸ் எக்ஸ் உடல்களின் கைரேகைத் தாள்களும் அவற்றில் இருந்தன.

கொலம்பியாவின் மக்தலேனா ஆற்றங்கரையில் புவெர்த்தோ பெர்ரியோ என்ற ஊர் இருக்கிறது. ஆற்றில் மிதந்து வரும் உடல்களை அவ்வூர் மக்கள் எடுத்து அடக்கம் செய்தார்கள். பிறகு ஒவ்வொரு கல்லறையையும் ஒருவர் தத்தெடுத்துக்கொண்டார். ‘தேர்ந்துகொள்ளப்பட்டது’ என்று எழுதி, வண்ணம் பூசி, பூ வைத்து, வரம் கேட்டு, தன் குடும்பப் பெயரையே சூட்டினார்கள். அந்த அன்பை நான் மதிக்கிறேன். தடயப் பணியாளருக்கு அதில் ஒரு துயரமும் உண்டு: பூசிய வண்ணம் பழைய குறியீட்டை மறைத்துவிடுகிறது, சூட்டிய பெயர் உண்மைப் பெயரைத் தேடி வருபவரைத் திசைமாற்றுகிறது. அந்த நாட்டில் 2000ஆம் ஆண்டின் 589ஆம் எண் சட்டம் கட்டாயமாகக் காணாமலாக்குவதைக் குற்றமாக்கி, தேசியப் பதிவேட்டையும் உருவாக்கியது. இப்போது தேடப்படுவோரையும் உடல்களையும் ஒரே தகவல் அமைப்புக்குள் வைக்கிறார்கள். என்.என். என்று எழுதுவதையும் கைவிட்டு, ‘அடையாளம் காணப்படாத நிலையில் உள்ள உடல்’ என்கிறார்கள். நீளமான சொல்தான். ஆனால் ‘நிலை’ என்று சொன்னதால் அது மாறக்கூடியது என்றாகிவிட்டது. லத்தீன் எழுத்தரின் நேர்மை ஏறக்குறையத் திரும்ப வந்திருக்கிறது.

தரவுத்தளம் கட்டுகிறவர்களுக்கு இது வெறும் சொல் விவகாரம் அன்று. 1982இல் மனித உரிமை அமைப்புகள் தங்கள் ஆவணங்களை ஒரே சீராகப் பதிய உதவும் வலையமைப்பாக ‘ஹூரிடாக்ஸ்’ தொடங்கியது. எல் சால்வடாரில் தன் தரவுப் பணியைத் தொடங்கிய பாட்ரிக் பால் 1996இல் எழுதிய கையேட்டின் தலைப்பே, யார் யாருக்கு என்ன செய்தார் என்ற கேள்விதான். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று அட்டவணை போட்டால் கதை சிதைந்துவிடும். ஒருவரைப் பிடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள், பிறகு கொன்றார்கள் என்றால் மூன்று மீறல்கள், பாதிக்கப்பட்டவர் ஒருவர். அதை ஐந்து பேர் சொன்னார்கள் என்றால் சாட்சியம் ஐந்து. சாட்சியத்தை எண்ணினால் தொகை பொய்யாக வீங்கும். கடைசியாக நடந்த கொலையை மட்டும் பதிந்தால் சித்திரவதை மறைந்துபோகும்.

காலியான கட்டம் இன்னும் ஆபத்து. ‘தெரியாது என்றார்’, ‘சொல்ல அஞ்சினார்’, ‘நாங்கள் கேட்கவில்லை’, ‘இவருக்குப் பொருந்தாது’ ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு செய்திகள். அவை நான்கையும் வெற்றிடமாக விட்டால், பத்து ஆண்டு கழித்துக் கோப்பைத் திறப்பவருக்கு அந்த வெற்றிடம் ‘எதுவும் இல்லை’ என்றே படும். பெயர் அறியேன் என்பது பெயர் இல்லை என்று ஆன அதே பிழை, கணினிக்குள் மறுபடி நடக்கிறது.

பட்டியல்களைப் பொருத்துவதில் இன்னொரு பயனும் உண்டு. வெவ்வேறு அமைப்புகள் தனித்தனியே எடுத்த பட்டியல்களில் எத்தனை பேர் பொதுவாக வருகிறார்கள் என்று பார்த்து, எந்தப் பட்டியலிலும் ஏறாதவர்களின் தொகையை மதிப்பிடலாம். பெருவின் உண்மை ஆணையம் 2003இல் சொன்ன 69,280 என்ற மதிப்பீடு அப்படிக் கிடைத்தது. அதற்கு அடிப்படை, ஒரே ஆளின் பெயர் இரண்டு பட்டியல்களில் இருவேறு விதமாக எழுதப்பட்டிருந்தாலும் ஒருவரே என்று கண்டுகொள்வது.

தமிழுக்கு வருகிறேன். ஈழத்தில் நெடுங்காலம் ‘காணாமல் போனோர்’ என்றே எழுதினோம். ஆடு காணாமல் போகும், மோதிரம் காணாமல் போகும். போவது தானாக நிகழ்வது, செய்தவன் அந்த வினைக்குள் இல்லை. ராணுவத்திடம் தங்கள் கையால் பிள்ளையையும் கணவனையும் ஒப்படைத்தவர்கள் அந்த வினையை ஏற்கவில்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்றார்கள். 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த உறவினர்களின் பதாகைகளில் ‘வலிந்து’ என்ற சொல்லும் முன்னே சேர்ந்து நின்றது. ஸ்பானிய மொழியிலும் இதேதான் நடந்தது. அங்கேயும் ‘தெசாபரெசேர்’ தன்வினை. அதை வளைத்து ‘அவனைக் காணாமல் ஆக்கினார்கள்’ என்று பிறவினையாகப் பேச மக்கள் பழகிக்கொண்டார்கள். இலக்கணம் இடம்தராத இடத்தில் துக்கம் இடம் பிடித்தது என்று நான் எண்ணுகிறேன். இலங்கைச் சட்டம் இரண்டு வினையையும் வைத்திருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தால் உருவான அலுவலகத்தின் பெயரில் ‘காணாமல் போன’, பன்னாட்டு உடன்படிக்கையை உள்நாட்டுச் சட்டமாக்கிய 2018ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டத்தில் ‘காணாமலாக்கப்படுதல்’. உறவினரிடம் எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒரே பதில்தான் வந்திருக்கும்.

நம் பெயர்களைப் பட்டியலிடுவதே ஒரு தனி வித்தை. முன்னே வரும் முதலெழுத்து தகப்பன் பெயர். படிவம் நிரப்பும் ஒருவர் அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுகிறார், இன்னொருவர் மகனின் பெயரையே குடும்பப் பெயராக்குகிறார். வீட்டில் அழைப்பது ஒரு பெயர், பள்ளியில் ஒன்று, இயக்கத்தில் இருந்தவருக்கு இன்னொன்று. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் பெயர்த்தால் ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், சகரம் மூன்று விதமாக வரும். அலைந்து அலைந்து ஒரு தாய் விசாரணை ஆணைக்குழுவிடமும் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் மனித உரிமை ஆணைக்குழுவிடமும் கொடுத்த முறைப்பாடு மூன்று ஆட்களாகத் தெரியும், அல்லது பெயரொத்த இருவர் ஒருவராகிவிடுவார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவிடம் மட்டும் இலங்கையில் 16,000க்கும் மேற்பட்டோரைத் தேடும் கோரிக்கைகள் பதிவாகியிருந்தன. ஆகவே பெயர் என்று ஒரே கட்டம் போதாது. இயற்பெயர், தகப்பன் பெயர், வேறு பெயர்கள், மூன்று எழுத்துகளிலும் எழுதும் விதம், இவற்றோடு கடைசியாகப் பார்த்தவர் யார், எங்கே, யார் கையில் என்பவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். ‘காணாமல் போன திகதி’ என்பதைவிடக் ‘கடைசியாகக் கண்ட திகதி’ சரியானது. சொல்பவருக்கு உறுதியாகத் தெரிந்தது அதுதான்.

யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 2025இல் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுக்கு என்.என். என்று பெயரிடவில்லை, வரிசை எண் கொடுத்தார்கள். ஒரு குழந்தையின் கூட்டருகே நீல நிறப் பள்ளிப்பை கிடந்தது. ஆகஸ்டில் அங்கே கிடைத்த பொருள்களை, அடையாளம் காட்டுவதற்காக மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். எண் இருக்கிறது, பொருள் இருக்கிறது, எலும்பு இருக்கிறது. எதிர்ப் பக்கத்துப் பட்டியல்தான் கரைந்துகொண்டிருக்கிறது: காத்திருந்த பெற்றோர் பலர் இறந்துவிட்டார்கள். அர்ஜென்டினா 1987இலேயே சட்டம் இயற்றித் தேசிய மரபணுத் தரவு வங்கியை நிறுவியது. கடத்தப்பட்ட பேரக்குழந்தைகளைத் தேடும் பாட்டிமார் தாங்கள் இறந்த பிறகும் தங்கள் இரத்தம் சாட்சி சொல்ல வேண்டும் என்று போராடிப் பெற்றது அது. 2007இல் தடய மானிடவியல் குழு நாடெங்கும் உறவினரின் இரத்த மாதிரிகளைத் திரட்டும் இயக்கத்தைத் தொடங்கியது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும், 1980களின் இறுதியில் பிள்ளைகளை இழந்த தெற்கிலும், எழுபதையும் எண்பதையும் கடந்த தாய்மாரிடம் வாக்குமூலத்தோடு மரபணு மாதிரியையும் இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும், அதை எங்கே யார் பொறுப்பில் வைப்பது என்பதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி.